கரை காணாக் கையறவு

கரை உண்டு, கரையேறினார் இல்லை.

யாழ்ப்பாணத்து வடகடல் இன்றும் தன் கரையைத் தொட்டுத் தொட்டு மீள்கின்றது. சோளகக் காற்று இன்றும் பனங்கூடலின் ஓலைகளை உரசி உரசி ஓய்கின்றது. மாரி பொழிந்தால் வயல் நிறைகின்றது, கோடை முதிர்ந்தால் செம்மண் புழுதியாய் எழுகின்றது. ஆயின், இருநூறு யாண்டுகளுக்கு முன் அக்கடல் வழியே வந்து, அக்காற்றில் மேனி கறுத்து, அம்மண்ணின் மொழியை எழுத்தெழுத்தாய்க் கற்று, பெற்ற மக்களை அம்மண்ணுக்கே ஈந்து, ஈற்றில் தாமும் அம்மண்ணாகிப் போன குடும்பங்கள் யாண்டுச் சென்றன? தெல்லிப்பழையே, நீ அறிவாய். வட்டுக்கோட்டையே, நீ அறிவாய். உடுவிலே, பண்டத்தரிப்பே, மானிப்பாயே, நீவிரும் அறிவீர். அறிந்தும் வாய் திறவாது நிற்கின்றீர். ஆதலின் நாமே சொல்லப் புகுந்தோம். சொல்லி ஆற்றத்தக்க துயர் அன்று இது. சொல்லாது விடத்தக்க துயரும் அன்று.

முதலில் ஒரு பேதை இளம்பெண்ணின் கல்லறை. ஹாரியட் நியூவெல் என்பது அவள் பெயர்; மாசச்சூசெட்ஸ் நாட்டு ஹேவரில் அவள் ஊர். 1812ஆம் ஆண்டின் முற்பகுதியில், மணம் முடித்த சில நாளிலேயே, கிறித்துவ ஊழியத்தின்பொருட்டுக் கணவன் சாமுவேலோடு கப்பலேறினாள். கல்கத்தாவிலே கிழக்கிந்தியக் கும்பினியார், தங்குதல் ஆகாது என்றனர். ஒரு கரை தள்ளியது. மறு கரை தேடி மொரீசியசுத் தீவுக்குக் கப்பல் திரும்பியது. கடல் நடுவே மகவு பிறந்தது. கடல் நடுவே மகவு இறந்தது. அந்த ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் தாயும் கண்மூடினாள், அகவை பத்தொன்பது. தனியனாய் எஞ்சிய நியூவெல் 1813இல் இலங்கையை அடைந்தான்; ஆளுநர் பிரவுன்றிக் அவனை விலக்கவில்லை; யாழ்ப்பாணமே தக்க இடம் என்று தன் நாட்டார்க்கு அவன் எழுதி விடுத்தான். நல்லோய், எண்ணிப் பார். யாழ்ப்பாணத்துக்கு அமெரிக்கர் வந்த வழி ஒரு மனைவியின் புதைகுழி வழியே வந்த வழி. 1816இல் அமெரிக்க மிஷனைச் சேர்ந்த பூவரும் மெயிக்சும் ரிச்சர்ட்சும் வாரனும் வந்து இறங்கியபோது, அவர்கள் கால் வைக்குமுன்னரே சாவு அங்கே காலூன்றி நின்றது.

அச்சாவு சோம்பி இருக்கவுமில்லை. வாரன் நோய் தீரக் கேப்டவுன் சென்றார்; 1818இல் அக்கரையிலேயே அடங்கினார். தெல்லிப்பழையில் 1821இல் சூசன் பூவர் மறைந்தார். 1822இல் ரிச்சர்ட்ஸ் மறைந்தார். வந்தவர் எண்ணிக்கை ஏறுமுன் புதைந்தவர் எண்ணிக்கை ஏறிற்று.

இனி நாம் அழ வந்த குடும்பத்தைச் சொல்வோம்.

கனெக்டிகட் நாட்டில் நாரிச்சு என்று ஓர் ஊர் உண்டு. இரண்டு ஆறுகள் வந்து கூடித் தேம்ஸ் எனப் பெயர் பெற்றுக் கடல் நோக்கி ஒழுகும் ஊர் அது. அவ்வூர் லேத்ரப் குடியில் 1796இல் பிறந்தார் ஹாரியட் அம்மையார். ஆற்று நீர் வளர்த்த அந்த மகள், வெர்மாண்ட் நாட்டு மைரன் வின்சுலோவை 1819 சனவரியில் மணந்து, அந்த ஆண்டு சூன் மாதம் பாஸ்டன் துறையில் 'இண்டஸ்' என்னும் கப்பலில் ஏறினார். உடன் சென்றவர் ஸ்பால்டிங் இணையர், உட்வர்டு இணையர், மருத்துவர் ஸ்கடர் இணையர். நான்கு குடும்பங்கள் ஒரு மரக்கலத்தில். நான்கு குடும்பத்துத் தாய்மாரும் தந்தைமாரும் துறையில். மீண்டும் காண்போம் என்று ஒருவரும் சொல்லிக்கொள்ளாத பிரிவு அது. கல்கத்தாவில் இறங்கிய சின்னாட்களுள் ஸ்கடரின் சிறுமகள் நோயுற்று இறந்தாள். கரை கண்டவுடன் கண்ட முதற் காட்சி பிள்ளையின் குழி.

1820இல் வின்சுலோ இணையர் உடுவில் சேர்ந்தனர். ஆறு என்று ஒன்றும் இல்லாத நாடு யாழ்ப்பாணம். நிலத்தடிச் சுண்ணக்கல்லின் இடுக்குகளில் மழை இறங்கி ஒளிந்திருக்கும்; அதைத் துலா மிதித்து இறைத்தே பயிரும் உயிரும் வாழும். ஆறுகள் கூடும் ஊரில் பிறந்தவர், ஆறே இல்லா ஊரில் வாழ வந்தார். போர்த்துக்கேயர் எடுத்து, ஒல்லாந்தர் புதுக்கி, பின்னர் எவரும் பேணாது விட்ட தேவாலயச் சுவர்களும் பாழ்மனைகளுமே அம்மிஷனுக்குக் கிடைத்த தங்குமிடங்கள். ஒரு பேரரசு விட்டுப்போன சுவரின்மேல் இன்னொரு பேரரசின் இசைவோடு மூன்றாம் நாட்டார் கூரை வேய்ந்தனர். பேரரசுகளின் நிலையாமை எத்தன்மைத்து என்பதை அச்சுவர்கள் அவர்களுக்கு நாள்தோறும் ஓதியிருக்கும்.

அக்காலத்து யாழ்ப்பாணத்தில் திண்ணைப் பள்ளிகளிலே ஆண்பிள்ளைகள் மணலில் விரலால் எழுதி, பின்னர் ஓலையில் எழுத்தாணி ஓட்டிக் கற்றனர். பெண்பிள்ளைகள் கற்றிலர். கோயிலுக்கு உரிமை பூண்ட மகளிர் எழுத்தறிவர். குடும்பப் பெண்ணுக்கு எழுத்து எதற்கு என்பது ஊர்வழக்கு. அந்த வழக்கின்முன் வந்து நின்றார் ஹாரியட் அம்மையார். தையல் பழக வந்த சிறுமியர் இருவர், ஒருநாள் பெருமழையால் வீடு திரும்ப இயலாது மிஷன் வளவிலேயே இரவு தங்கினர் என்றும், அதுவே பள்ளியின் தோற்றம் என்றும் ஒரு கதை வழங்கும். கதை எவ்வாறாயினும், 1824இல் உடுவிலில் பெண்கள் தங்கிப் படிக்கும் பள்ளி எழுந்தது மெய். ஆசியாவிலேயே அத்தகைய பள்ளிகளுள் அதுவே முதலாவது என்று அவ்வூரார் உரிமை பாராட்டுவர்.

அப்பள்ளியை அணித்தே சென்று காண்மின். விடியலில் பாய் சுருட்டப்படும். கிணற்றடியில் சிறுமியர் முகம் கழுவுவர். ஓலையும் எழுத்தாணியும் ஒரு கையில். துணியும் ஊசியும் மறு கையில். சமைப்பவர் எந்தக் குடியினர் என்று பெற்றோர் வந்து உசாவிச் செல்வர். உயர்ந்த குடி என்று தம்மைச் சொல்லிக்கொள்வார் தம் மகள் உண்ணும் சோற்றின்மேல் கண் வைத்திருப்பர். அச்சோற்றுக்காகவும், ஆடைக்காகவும், மணநாளில் மிஷன் தரும் சிறு சீதனத்துக்காகவும் மகளை விட்ட தந்தையர் பலர். அம்மையார் அதை அறியாரல்லர். அறிந்தும் வாயிலைச் சாத்தவில்லை. எந்த நோக்கத்தோடு வந்தாலும் எழுத்தோடு போகட்டும் என்று எண்ணினார் போலும். புதிய நாட்டின் வெயிலும், புதிய நோய்களும், ஆண்டுக்காண்டு கருவுற்ற உடலின் தளர்ச்சியும், பிறந்த மகவுகளுள் சிலவற்றைப் பறிகொடுத்த நெஞ்சின் நைவும் ஒருபுறம். எண்ணும் எழுத்தும் செபமும் தையலும் கேட்டு நிற்கும் சிறுமியர் ஒருபுறம். இரண்டுக்கும் இடையே நின்று பதின்மூன்று யாண்டு அவர் விளக்கேற்றினார்.

துணைக்கு வேறொருவர் வருவார் என்ற நம்பிக்கையும் அவர்களுக்கு வாய்க்கவில்லை. 1820இல் கேரட் என்னும் அச்சுத் தொழிலாளர் அமெரிக்காவினின்று வந்தார்; ஆட்சிப் பொறுப்பில் இருந்த எட்வர்டு பார்ன்ஸ், அவர் இங்குத் தங்கலாகாது என்று ஆணையிட்டார். இனி ஓர் அமெரிக்கனும் கூடுதலாக வரலாகாது என்றும் விதித்தார். அச்சுப்பொறி ஈழத்தில் தங்கிற்று. அச்சிட வல்லார் பம்பாய்க்குச் சென்றார். பன்னிரண்டு யாண்டுக்கு மேல் அத்தடை நின்றது. இறந்தவர் இடம் நிரம்பவில்லை. நோயுற்றவர் சுமையை மாற்றிக்கொள்ள ஆளில்லை. கடலை நோக்கி நோக்கிக் கண் பூத்த அந்த ஆண்டுகளில், வரும் ஒவ்வொரு பாயும் வேறு யாருக்கோ வந்த பாயாகவே இருந்தது. இதனைக் கடவுளின் திருவுளம் என்று அவர்கள் ஏற்றனர். நாமோ அரசின் அச்சம் என்போம். இரண்டும் ஒருங்கே உண்மையாதலும் கூடும். பாரம் சுமந்தவர் எதைச் சொல்லிச் சுமந்தாரோ அதை மறுக்கும் உரிமை கரையில் நிற்கும் நமக்கு இல்லை.

பிள்ளைகளைப் பிரிதலே அக்குடும்பங்களின் பெருந்துயர். வெப்ப நாட்டில் வளர்ந்தால் உடல் குன்றும், கல்வி குறையும், பழக்கம் கெடும் என்று அஞ்சி, ஏழெட்டு அகவை கடந்த பிள்ளைகளைத் தாய்நாட்டுக்கு அனுப்பிவிடுதல் வழக்கமாயிற்று. அவர்களுக்கு அது தாய்நாடு; பிள்ளைகளுக்கோ அது கண்டறியாத நாடு. உடுவிலிற் பிறந்து, பனங்காய் உருட்டி ஆடி, ஆங்கிலத்தோடு தமிழையும் செவியில் ஏற்று வளர்ந்த சிறுவனை, இதுவே உன் வீடு என்று சொல்லி வந்த வாய், அது உன் வீடு என்று கடலைக் காட்டியது. வின்சுலோவின் மூத்த மகன் சார்லஸ் 1821இல் பிறந்தவன். அவனையும் அவ்வாறே விடுத்தனர். அமெரிக்காவை அடைந்தான், 1832இல் அங்கே இறந்தான். பன்னிரண்டு அகவை நிரம்பவில்லை. அக்காலத்து மடல் ஒன்று பாய்மரக் கப்பலில் பல திங்கள் தவழும். மகன் நலமா என்று தாய் எழுதும் நாளில் மகன் உளனா என்பதே ஐயம். தள்ளிய கரையும் கொன்றது. ஏற்ற கரையும் கொன்றது. எக்கரைக்குப் பிள்ளையை விடுப்பாள் ஒரு தாய்?

அடுத்த சனவரி, 1833ஆம் ஆண்டு 14ஆம் நாள், ஹாரியட் அம்மையார் உடுவிலில் திடுமென உயிர் நீத்தார். முப்பத்தேழு அகவை நிரம்பாத உடல் அது. வாடைக் காற்றே, அன்று அம்மிஷன் வளவின் விளக்கை அணைத்தவள் நீ தானோ? எழுத்தாணி பிடித்த சிறு விரல்கள் அன்று ஓலையைக் கீழே வைத்தன. ஒப்பாரி அறிந்த ஊர் அது, எனினும் இந்த அம்மைக்கு எந்த முறையில் அழுவதென அறியாது திகைத்தது. அவர் வழிபட்ட தேவனை ஏலாத வீடுகளிலும் அவருக்காக ஏங்கினர் எனல் மிகையாகாது. ஏனெனில் அவ்வீடுகளின் மகளிர் அவர் கையில் எழுத்துக் கற்றவர். கணவர் அவர்தம் கடிதங்களையும் நாட்குறிப்பையும் தொகுத்து 1835இல் நியூயார்க்கில் வாழ்க்கை வரலாறாக அச்சேற்றினார். தாயில்லாப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு கடல் கடந்த காலத்தில் ஆக்கிய நூல் அது.

கொடுமை இன்னும் கேளீர். தடை நீங்கிற்று. வில்மட் ஹார்ட்டன் ஆளுநராயிருந்த காலத்தில் புதியவர் வரலாம் என்றாயிற்று. அம்மையார் இறந்த அதே 1833ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு கூட்டம் வந்து கரையேறிற்று; அதில் ஒருத்தி அம்மையாரின் உடன்பிறந்த தங்கை, ஹட்சிங்ஸ் என்பாரின் மனைவி. பன்னிரண்டு யாண்டு வாராத துணை வந்தது. வந்தபோது காண அக்கை இல்லை. பின்னர் இன்னும் இரு தங்கையர், பெர்ரி, செர்ரி என்பாரை மணந்து, அதே கரைக்கு வந்தனர். ஒரு தந்தையின் நான்கு மகளிர், ஒரே கடல் கடந்து, ஒரே குடாநாட்டுக்கு. அவருள் பெர்ரி இணையர் இருவரையும் 1837இல் கொள்ளைநோய் சில நாளிடையில் வாரிக்கொண்டது. செர்ரியின் மனைவியும் அதே ஆண்டில் மறைந்தார். நாரிச்சு நகரில் அக்குடும்பத்து வாயிலில் கடிதம் வரும் ஒலி கேட்டால் அவ்வீட்டார் என் செய்திருப்பார்? திறப்பதா, திறவாது வைப்பதா? அவர்தம் நம்பிக்கையைப் போற்றி எழுதிய ஏடுகள் பல. அவர் கை நடுக்கத்தை எழுதிய ஏடு ஒன்றையும் காணேம்.

வின்சுலோ 1836இல் சென்னைக்குப் பெயர்ந்தார். சிந்தாதிரிப்பேட்டையில் வாழ்ந்து, வேறு மனைவியரை மணந்து, அவருள் மூவரை இழந்தார். 1837, 1843, 1852 என அம்மூவர் இறந்த ஆண்டுகளும் அவர் வாழ்வில் மைல்கல்லாய் நின்றன. (ஐந்து முறை மணந்தார் என்று நகைப்பாரும் உளர், நான்கு முறை புதைத்தார் என்று எண்ணுவார் சிலரே.) இத்தனை குழிகளுக்கு இடையே அவர் கை ஒரு வேலையை விடாது பற்றியிருந்தது. அது தமிழ்ச் சொற்களைத் தொகுக்கும் வேலை. நல்லூரில் இருந்த ஜோசப் நைட்டு தொடங்கி, முடிக்குமுன் இறந்துபட்ட பணி அது. ஸ்பால்டிங்கும் ஹட்சிங்சும் கைவைத்த பணி. 1842இல் சந்திரசேகர பண்டிதர் உழைப்பில் மானிப்பாயில் தமிழ் அகராதி ஐம்பத்தெண்ணாயிரத்துக்கு மேற்பட்ட சொற்களோடு வெளிவந்ததும் அவ்வேரினின்று கிளைத்ததே. இறுதியில் 1862இல் சென்னை அமெரிக்க மிஷன் அச்சகத்தில் வின்சுலோவின் தமிழ் - ஆங்கில அகராதி வந்தது. அறுபத்தேழாயிரத்துக்கு மேற்பட்ட சொற்கள்.

அவ்வகராதியை விரித்துப் படிப்பவர் அறிவர். செந்தமிழும் கொடுந்தமிழும், மருந்தும் சோதிடமும், அவர் கைவிடச் சொல்லி ஓயாது முழங்கிய சைவத்தின் கலைச்சொற்களும் அதில் உள. தாம் மறுத்த சமயத்தின் சொல்லையும் விடாது பதிந்து வைத்த நேர்மை அது. துயர் என்னும் பொருளில் தமிழ் எத்தனை சொல் வைத்திருக்கின்றது என்று அவர் ஒவ்வொன்றாய் எழுதி அடுக்கிய இரவுகளை நினைமின்: அவலம், அல்லல், இடும்பை, இனைவு, எவ்வம், கையறவு. ஒவ்வொன்றும் அவர் வீட்டில் ஒருவர் பெயரோடு வாழ்ந்த சொல். கடலைக் கடந்து வந்தவர் மொழிக்கடலிலும் கரை கண்டார். ஆயின் தாயகக் கரை காண அவருக்கு வாய்க்கவில்லை. 1864இல் உடல் நைந்து அமெரிக்கா நோக்கிக் கப்பலேறியவர், அக்டோபர் 22ஆம் நாள் நன்னம்பிக்கை முனையில் இறந்தார். வாரன் அடங்கிய அதே ஆப்பிரிக்கக் கரை.

இனி, காலம் தன் முகத்தை மாற்றிக்கொண்ட ஆண்டைச் சொல்வோம். 1855. அந்த ஆண்டு சனவரியில் ஸ்கடர் அதே நன்னம்பிக்கை முனையில் மறைந்தார். பிப்ரவரியில் டேனியல் பூவரை மானிப்பாயில் கொள்ளைநோய் கொண்டது. முப்பத்தொன்பது யாண்டு தமிழ்நிலத்தில் உழைத்து, வட்டுக்கோட்டைச் செமினரியை 1823இல் தோற்றுவித்து, வானநூலும் கணிதமும் தமிழிலக்கணமும் ஒருங்கே பயிற்றிய முதியவர் அவர். அதே ஆண்டு, பாஸ்டனிலிருந்து ரூபஸ் ஆண்டர்சன் தலைமையில் வந்த குழுவின் முடிவால், அச்செமினரி மூடப்பட்டது. ஆங்கிலம் கற்றவர் அரசு வேலைக்குப் போகின்றனர், ஊழியத்துக்கு வருவாரில்லை என்பது அவர் வாதம். கணக்குப் பார்த்தால் வாதம் பிழையன்று. ஆனால் கணக்கில் அடங்காத பயிர் அங்கே விளைந்திருந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரியர் இருவரும், தாமோதரம்பிள்ளையும் கறல் விசுவநாதபிள்ளையும், வட்டுக்கோட்டையில் பயின்றவர். தாமோதரம்பிள்ளை பின்னாளில் செல்லரித்த ஏடுகளினின்று தொல்காப்பியத்தையும் கலித்தொகையையும் மீட்டு அச்சேற்றினார். கிறித்துவத்தை வளர்க்க எழுந்த கூடம் சங்கத்தமிழை மீட்டது. நோக்கம் பிழைத்தது, விளைவு பிழைக்கவில்லை. முதியவர் இறந்தார், கூடம் அடைத்தது. ஓர் ஊழி ஒரே ஆண்டில் தன் இரு கண்ணையும் மூடியது.

புலம்பல் புகழ்ச்சியாய்ப் பொய்த்துவிடலாகாது. ஆதலின் இதனையும் சொல்லுதும். அம்மிஷன் வளவுகளில் சேர்ந்த தமிழ்ப் பிள்ளைகளுக்கு அமெரிக்க நன்கொடையாளர் பெயர்கள் சூட்டப்பட்டன. உதயதாரகை இதழை 1841இல் தொடங்கி நடத்திய தமிழர் இருவரின் பெயர் ஹென்றி மார்ட்டின், சேத் பேசன். பாவலர் சரித்திர தீபகம் தந்த சதாசிவம்பிள்ளையின் முன்னே ஆர்னல்ட் நின்றது. விசுவநாதபிள்ளையின் முன்னே கறல் நின்றது. தம் பிள்ளைகளைத் தம் பெயரோடு புதைத்தவர், பிறர் பிள்ளைகளின் பெயரைப் புதைத்தனர். சைவத்தை இருள் என்றும் பேய்வழி என்றும் அவர்கள் இழித்துரைத்த ஏடுகளும் உள. அவ்விழிவுரை கேட்டு வெகுண்ட ஆறுமுக நாவலர், அவர்கள் கைக்கொண்ட அச்சையும் பள்ளியையும் சொற்பொழிவையும் தாமே கைக்கொண்டு எழுந்தார். 1848இல் வண்ணார்பண்ணையில் பள்ளி கண்டார். அவ்விருவர் போரில் இருவரும் தமிழை வளர்த்தனர். இன்று அத்தகைய பகைவரும் இல்லை. அத்தகைய போரும் இல்லை. அன்பாலேனும் சினத்தாலேனும் ஒருவர் மொழியை ஒருவர் முற்றக் கற்ற காலம் போயிற்று என்பதே நம் அவலம்.

அம்மையார் விட்ட பள்ளியை ஸ்பால்டிங் இணையர் ஏந்தினர். பின்னர் நியூயார்க்கிலிருந்து எலிசா ஆக்னியூ 1840இல் வந்தார். மணம் கொள்ளாது, தாயகம் திரும்பாது, நாற்பதாண்டு உடுவிலில் கற்பித்து, தாய்க்குக் கற்பித்த கையால் மகளுக்கும் கற்பித்து, 1883இல் மானிப்பாயில் மறைந்தார். ஆயிரம் மகளிரின் தாய் என்று அவரை அழைத்தனர். லீவை ஸ்பால்டிங் 1873இல் மறைந்தபோது, 'இண்டஸ்' கப்பலில் வந்த நால்வருள் எஞ்சியிருந்த கடைசி ஆண்மகனும் போயினார்.

பின்னர் வந்தவர் நீராவிக் கப்பலில் வந்தனர். ஓய்வுக்கு ஊர் போய் மீண்டனர். குறித்த காலம் முடிய விடைபெற்றனர். அவர்களும் நல்லவரே. ஆயின் புதைவதற்கு வருவதும் பணிக்கு வருவதும் ஒன்றாகா. 1947இல் அமெரிக்க மிஷன் திருச்சபை தென்னிந்தியத் திருச்சபையோடு கலந்து யாழ்ப்பாண ஆதீனமாயிற்று. ஆட்சி தமிழர் கைக்கு வந்தது. வரவேண்டியதே வந்தது. அதனை எண்ணி யாம் அழவில்லை.

வேறொன்றை எண்ணி அழுகின்றோம். ஹாரியட் அம்மையாரின் மகள் ஒருத்தி உடுவிலிற் பிறந்தவள், தாயின் பெயரையே தாங்கியவள். ஜான் வெல்ஷ் டல்லஸ் என்பாரை மணந்து மீண்டும் கடல் கடந்து சென்னைக்கு வந்து சில யாண்டு ஊழியம் செய்தாள். அவள் பேரன் ஜான் பாஸ்டர் டல்லஸ் 1953இல் அமெரிக்காவின் வெளியுறவு அமைச்சரானார். மற்றொரு பேரன் ஆலன் அந்நாட்டின் உளவுத்துறைக்குத் தலைவரானார். கொள்ளுப்பாட்டி எழுத்தாணியோடும் ஊசியோடும் கீழை நாட்டுக்குச் சென்றவர். கொள்ளுப்பேரர் உடன்படிக்கையோடும் உளவோடும் கீழை நாடுகளை நோக்கியவர். ஒரு நாடு தன் மக்களைக் கடலுக்கு அப்பால் அனுப்பும் கருத்து மூன்று தலைமுறையில் எவ்வாறு மாறியது என்பதற்கு இதனினும் குறுகிய வரலாறு உண்டோ?

கடலும் திரும்பி ஓடிற்று. 1995 அக்டோபர் 30ஆம் நாள், போர் நெருங்கிய அந்த இரவில், வலிகாமம் முழுதும் பெயர்ந்தது. உடுவிலும் மானிப்பாயும் வட்டுக்கோட்டையும் ஒரே இரவில் ஆளின்றி வெறிதாயின. மழையில் நனைந்து, முதியோரைச் சுமந்து, பிள்ளைகளின் கை பற்றித் தென்மராட்சி நோக்கி மக்கள் ஊர்ந்தனர். கல்லறைகளைக் காக்க அன்று உயிருள்ள ஒருவரும் எஞ்சவில்லை. இறந்தவர் மட்டுமே ஊரில் இருந்தனர். தெல்லிப்பழையோ அதற்கும் முன்னரே தன் மக்களை இழந்திருந்தது. அங்கிருந்து பெயர்ந்தாருள் பலர் பின்னர்க் கடலும் கடந்தனர். தொராண்டோவிலும் பாஸ்டனிலும் இன்று யாழ்ப்பாணத்துத் தாய்மார் வாழ்கின்றனர். பனிபெய்யும் நாட்டில் பேரப்பிள்ளைக்குத் தமிழ் எழுத்து வராதே என்று வருந்துகின்றனர். உடுவில் அம்மை தன் பிள்ளையை எண்ணி ஏங்கிய அதே கடல் இடையில். இம்முறை ஏங்குவோர் மட்டும் வேறு. தம் மக்களைப் பிற கரையில் விட்டு, கடவுள் பார்த்துக்கொள்வார் என்ற ஒரு சொல்லை மட்டும் பற்றிக்கொண்டு நிற்கும் நிலை எத்தகையது என்பதை யாழ்ப்பாணத்தார்க்கு இனி எவரும் விளக்க வேண்டுவதில்லை.

வின்சுலோ அகராதியின் முகப்பேடு அவர் பெயரையும் நைட்டின் பெயரையும் தாங்கி நிற்கின்றது. உடனிருந்து உழைத்த தமிழ்ப் புலவரைத் தகுதி வாய்ந்த உள்நாட்டு அறிஞர் என்று மட்டும் சொல்லி, பெயர் கூறாது கடக்கின்றது. ஹாரியட் அம்மையார் பெயரும் அங்கில்லை. உடுவிலில் கற்ற சிறுமியர் பலரின் பிறந்த பெயரோ, அமெரிக்கச் சீமாட்டியர் பெயர்களின் அடியில் மறைந்து கிடக்கின்றது. ஆதலின் இதனைப் படிப்போரே, உங்கள் குடும்பத்துப் பழம்பெட்டியில் உடுவிலிலோ வட்டுக்கோட்டையிலோ கற்ற பாட்டன் பாட்டியரின் விவிலியமோ, திருமணச் சீட்டோ, கடிதமோ இருப்பின், அவர்க்குப் பெற்றோர் இட்ட பெயர் எது என்று தேடுங்கள். முதியோர் உளராயின் இன்றே கேளுங்கள். கேட்டதைத் தமிழில் எழுதி, ஒரு படியை யாழ்ப்பாணத்து நூலகம் ஒன்றுக்கு விடுங்கள்.